மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்: விழும் பொருள்களைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டு வழிகாட்டி

ஈசூனில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் நானும் என் அக்கா மகளும் ஒரு காகிதக் கிண்ணத்தைக் கைக்கு எட்டிய உயரத்திலிருந்து கீழே விட்டுக்கொண்டிருந்தோம். அவள் அப்போது உயர்நிலை 3. மறுநாள் விசைகள் பற்றிய தேர்வு. ஒருமுறை விட்டால் 1.3 வினாடி, மறுமுறை 1.9 வினாடி, அடுத்த முறை கிண்ணம் சோஃபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கிண்ணத்தை மாற்றினோம், விடும் கையை மாற்றினோம், கடைசியில் கைப்பேசியைக் குறை சொன்னோம். சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு உள்ளே வந்த அக்கா சற்று நேரம் பார்த்தார். "காற்றைப் பற்றிப் படிக்கிறீர்களாம், தலைக்கு மேல் விசிறி ஓடுவது தெரியவில்லையா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். சிங்கப்பூர் வீடுகளில் விசிறி ஓடுவது யார் கண்ணிலும் படாது. நின்றால்தான் படும்.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தைக் கேட்டு யார் வந்தாலும் விசிறியில்தான் தொடங்குகிறேன். பிள்ளைகள் பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். வீட்டில் சொல்லித்தர உட்காரும் அப்பாவோ அம்மாவோ தமிழில் யோசிக்கிறார்கள். நடுவில் சொற்கள் மாட்டிக்கொள்கின்றன. நான்கு சொற்கள் போதும். இழுப்பதும் தள்ளுவதும் விசை. ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது நிறை; கிலோகிராமில் சொல்வோம். அந்தச் சரக்கைப் பூமி இழுக்கும் விசை எடை. அதை நியூட்டனில் சொல்ல வேண்டும். காய்கறிக் கடையில் நிறையைத்தான் எடை என்கிறோம், அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஆனால் தேர்வுத்தாளில் கலக்காதீர்கள். நான்காவது முடுக்கம்: வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது. வேகமும் முடுக்கமும் வேறு வேறு என்பது மனத்தில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

தேவையான பொருள்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்: ஒரு தடித்த புத்தகம், சில தாள்கள், அளவு நாடா, சுவரில் ஒட்டிப் பிய்த்தாலும் சாயம் போகாத ஒட்டுநாடா, மெதுவோட்டப் படம் எடுக்கும் கைப்பேசி. கப்கேக் சுடும் காகிதக் கிண்ணங்கள் ஒரு பொட்டலம் மட்டும் வாங்க வேண்டியிருக்கும். பெரிய அளவாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் படி: காற்றை அடக்குங்கள்

விசிறி, குளிர்சாதனம் இரண்டையும் நிறுத்துங்கள். சன்னல்களை மூடுங்கள். வாசல் கதவையும் மூடுங்கள். தாழ்வாரத்தில் வரும் காற்று குறுக்கே புகுந்தால் ஒரு கிராம்கூட இல்லாத கிண்ணம் எங்கு வேண்டுமானாலும் போகும். பத்து நிமிடத்தில் வியர்க்கத் தொடங்கும். அதற்குள் முடிக்கும்படி எல்லாவற்றையும் முன்பே எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அறையின் உயரம் போதவில்லை என்று தாழ்வாரத்திலிருந்தோ சன்னலிலிருந்தோ எதையும் விடாதீர்கள், அழிப்பானைக்கூட. உயரத்திலிருந்து பொருளைப் போட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது இங்கே சிறைக்குப் போகும் குற்றம். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை இந்தப் பாடமே சொல்லும். 27 மீட்டர் உயரம், ஏறத்தாழ பத்தாவது மாடி. அங்கிருந்து ஒரு கிலோ பூந்தொட்டி விழுந்தால், காற்றே இல்லாத கணக்கில், தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 23 மீட்டர், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர். காற்று இருந்தாலும் அதில் சிறு பகுதிதான் குறையும். விரைவுச்சாலையில் போகும் காரின் வேகம் அது. கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடிவிட்டு வெளியே வரும் தாத்தாவின் தலைக்கு மேல் அது வேண்டாம்.

இரண்டாம் படி: இரண்டே அம்புக்குறி

எதையும் கீழே விடுவதற்கு முன் ஒரு தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் விழும் பொருள். புள்ளியிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி: எடை. மேல்நோக்கி ஓர் அம்புக்குறி: காற்றுத் தடை. விழும் பொருளின் கதை முழுவதும் இந்த இரண்டு அம்புகளுக்குள் அடங்கும். என்னைக் கேட்டால், பாடநூலின் பத்திகளை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் படத்தை ஐம்பது முறை வரைவது மேல்.

கீழ் அம்பு கடைசிவரை நீளம் மாறாது. பொருள் நின்றாலும் விழுந்தாலும் பூமி இழுப்பது ஒரே அளவுதான். ஒரு கிலோவுக்கு எத்தனை நியூட்டன்? இங்குள்ள பள்ளிக் கணக்குகளில் 10 என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் சிங்கப்பூரில் அது 9.78. துருவங்களில் 9.83. பூமி நடுவில் சற்றே புடைத்திருக்கிறது, சுழலவும் செய்கிறது. நாமோ நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூடத் தள்ளி இல்லை. ஆகவே உலகிலேயே பூமி மெத்தனமாக இழுக்கும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. உடல் இளைத்ததாக நினைத்து யாரும் மகிழ வேண்டாம், வித்தியாசம் ஆயிரத்தில் ஐந்து பங்குதான்.

மேல் அம்புக்குத்தான் குணம் உண்டு. பொருள் கையில் இருக்கும்போது அதன் நீளம் பூச்சியம். விழத் தொடங்கியதும் முளைக்கிறது. வேகம் கூடக் கூட நீள்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த அம்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு இது முழங்காலில் தெரியும்: நிதானமாகப் போகும்போது காற்று முகத்தை வருடும், வேகத்தை இரட்டித்தால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.

பிள்ளைகள் குழம்புவது அநேகமாக எப்போதும் இந்த மேல் அம்பில்தான். காற்றுத் தடையை ஒரு நிலையான பிரேக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விழுவதால்தான் பிறக்கிறது; விழும் வேகம்தான் அதற்குச் சோறு.

மூன்றாம் படி: புத்தகமும் தாளும்

ஒரு கையில் புத்தகம், மறு கையில் தாள். ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். புத்தகம் முதலில். யாருக்கும் வியப்பில்லை. இப்போது அந்தத் தாளைக் கசக்கி இறுக்கமான உருண்டையாக்கி மறுபடி விடுங்கள். ஏறத்தாழ ஒன்றாக விழும். தாளின் நிறை மாறவில்லை. காற்றுக்குக் காட்டும் பரப்பு மட்டும் சுருங்கியது.

மூன்றாவது முறைதான் எனக்குப் பிடித்தது. புத்தகத்தைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டிய தாளைப் புத்தகத்தின் மேல் தட்டையாக வைத்து, இரண்டையும் சேர்த்துக் கிடையாக விடுங்கள். தாள் புத்தகத்தின் முதுகில் சவாரி செய்துகொண்டே தரைக்கு வரும். "ஒட்டியிருக்கிறது, மாமா" என்று என் அக்கா மகள் வாதாடினாள். எடுத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. காற்றைப் புத்தகம் வாங்கிக்கொள்கிறது, தாளுக்குத் தடை வந்து சேரவே இல்லை. தடை இல்லாவிட்டால் தாளும் புத்தகமும் ஒரே வேகத்தில்தான் விழும்.

கனமான புத்தகத்தைப் பூமி அதிகமாக இழுக்கிறதே, அது முந்த வேண்டாமா? ஊரில் தேர் இழுத்திருக்கிறீர்களா? பெரிய தேருக்கு வடம் பிடிக்க ஆள் அதிகம். அதனால் பெரிய தேர் வேகமாக ஓடிவிடுவதில்லை, ஏனென்றால் அதை அசைப்பதும் அந்த அளவுக்கு அரிது. நிறை நூறு மடங்கானால் பூமியின் இழுவையும் நூறு மடங்கு, அசைய மறுக்கும் சோம்பலும் நூறு மடங்கு. இரண்டும் கழிந்துபோய் முடுக்கம் ஒன்றாகவே நிற்கிறது. 1971 ஆகஸ்ட் 2ஆம் தேதி, அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு 1.32 கிலோ சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். காற்றில்லாத இடம். இரண்டும் சேர்ந்தே நிலவின் மண்ணைத் தொட்டன. அந்தக் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. பிள்ளைக்குக் காட்டுங்கள், ஆனால் புத்தகமும் தாளும் விட்ட பிறகு காட்டுங்கள்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும்" என்று சிறு வயதிலேயே சொல்லி வைத்துவிடுகிறோம். "காற்று இல்லாவிட்டால்" என்ற முன்பாதி காலப்போக்கில் உதிர்ந்துவிடுகிறது. பிறகு பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதையே நம்பாமல் போகிறது. காற்றில், ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட இரண்டு பொருள்களில் கனமானது வேகமாகத்தான் விழும். நான்காம், ஆறாம் படிகளில் இதை அளந்தே பார்த்துவிடலாம்.

நான்காம் படி: கிண்ணத்தைப் படம் பிடியுங்கள்

வெள்ளைச் சுவரில், தரையிலிருந்து 2 மீட்டர் வரை 20 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக ஒட்டுநாடா ஒட்டுங்கள். நிறமுள்ள கிண்ணம் எடுத்துக்கொண்டால் படத்தில் தெளிவாகத் தெரியும். கைப்பேசியைச் சுவரிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் உயரத்தில், ஆடாதபடி நாற்காலியில் சாய்த்து வையுங்கள். பகலில் செய்வது நல்லது. இரவில் சில விளக்குகள் மெதுவோட்டப் படத்தில் மினுக்கி மினுக்கிக் கண்ணைக் கெடுக்கும். இங்கே மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, அந்த விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி எரிவதைக் கைப்பேசி பிடித்துவிடுகிறது.

பல கைப்பேசிகளில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். கிண்ணத்தின் தட்டையான அடி கீழே, வாய் மேலே. ஓரத்தை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, தள்ளாமல், விரல்களை விரித்தால் மட்டும் போதும். சுவரை ஒட்டி விடாதீர்கள், ஒரு சாண் தள்ளி விடுங்கள். சாய்ந்து விழுந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாங்கள் எட்டு முறை விட்டு மூன்றைத்தான் வைத்துக்கொண்டோம்.

பிறகு படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். விசிறி நின்ற பிறகு எங்களுக்குக் கிடைத்த வரிசை: 57, 36, 34, 35, 34, 34.

இந்த ஆறு எண்களோடு சற்று நேரம் உட்காருங்கள். முதல் 20 சென்டிமீட்டருக்கு 57 படங்கள்; அப்போதுதான் கிளம்பியிருக்கிறது. அடுத்ததற்கு 36. அதன் பிறகு மாற்றமே இல்லை. 35 என்று ஒன்று வந்தது எங்கள் எண்ணும் பிழை. ஆக, கிண்ணம் இரண்டு சாண் விழுவதற்குள் தன் உச்ச வேகத்தை எட்டிவிட்டது. 34 படங்கள் என்றால் 0.142 வினாடி. 20 சென்டிமீட்டரை அதனால் வகுத்தால் வினாடிக்கு 1.4 மீட்டர். இதைத்தான் முற்றுத் திசைவேகம் என்கிறோம்: ஒரு பொருள் காற்றில் விழும்போது இறுதியில் வந்து நிலைக்கும் வேகம்.

ஒப்பிட, அதே உயரத்திலிருந்து ஓர் அழிப்பானை விட்டுப் பாருங்கள். அதற்கு எண்கள் கடைசிவரை குறைந்துகொண்டே போகும். மொத்தம் 2 மீட்டரை 0.64 வினாடியில், ஏறத்தாழ 153 படங்களில் கடந்துவிடும். நம் வரவேற்பறை அதற்குப் போதாது. உச்ச வேகத்தை எட்டுவதற்கு முன்பே தரை வந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: "சமமானால் நின்றுவிட வேண்டாமா?"

இந்தக் கேள்வி வரும். வரவில்லையென்றால் பிள்ளை கவனிக்கவில்லை என்று பொருள்.

முதலில் படத்துக்குத் திரும்புங்கள். விட்ட கணத்தில் கீழ் அம்பு மட்டும். மிச்ச விசை முழு எடை, முடுக்கமும் முழுமை. சற்றுக் கழித்து மேல் அம்பு முளைத்துவிட்டது; கீழ் அம்பிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் குறைவு. முடுக்கம் குறைகிறது. இந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளையிடம் கேளுங்கள்: வேகம் குறைகிறதா? பத்துக்கு ஏழு பேர் "ஆமாம்" என்பார்கள். இல்லை. வேகம் இன்னும் கூடிக்கொண்டேதான் இருக்கிறது, கூடுவது மட்டும் மெதுவாகிவிட்டது. மாதச் சம்பளத்தில் போன ஆண்டு 200 வெள்ளி உயர்வு, இந்த ஆண்டு 50 வெள்ளி உயர்வு. உயர்வு குறைந்தது, சம்பளம் குறையவில்லை. அக்கா மகளுக்கு இந்த உதாரணம் பிடிக்கவில்லை, அக்காவுக்கு உடனே புரிந்தது.

கடைசியில் இரண்டு அம்பும் ஒரே நீளம். மிச்சம் பூச்சியம். உயர்வு பூச்சியம், சம்பளம் அப்படியே. நிற்கவில்லை.

"சமமானால் நின்றுவிட வேண்டாமா, மாமா?" என்று அவள் கேட்டபோது நான் எம்ஆர்டியை நினைவூட்டினேன். ரயில் கிளம்பும்போது கம்பியைப் பிடிக்கிறாய், நிற்கும்போது பிடிக்கிறாய். நடுவில், சீரான வேகத்தில் நேராக ஓடும்போது? கைப்பேசியை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு நிற்கிறாய். அப்போது உன்னைத் தள்ளும் மிச்ச விசை எதுவும் இல்லை. இருந்தும் நீ மணிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறாய். விசை வேண்டியது வேகத்தை மாற்றுவதற்கு, வைத்துக்கொள்வதற்கு அல்ல. 1687இல் நியூட்டன் தன் நூலில் முதல் விதியாக எழுதி வைத்தது இதைத்தான்.

மேல் அம்பு கீழ் அம்பைத் தாண்டி நீளுமா என்பதும் நல்ல கேள்வி. தானாக நீளாது. தாண்ட வேண்டுமானால் வேகம் இன்னும் கூட வேண்டும், வேகம் கூட மிச்ச விசை வேண்டும், அது தீர்ந்துவிட்டது. தாண்ட வைக்க ஒரே வழி, நடுவானில் பரப்பைத் திடீரென்று விரிப்பது. பாராசூட் செய்வது அதைத்தான், பிறகு வருகிறேன்.

ஆறாம் படி: நான்கு கிண்ணம்

நான்கு கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். வெளித்தோற்றம் மாறவில்லை, காற்றுக்குக் காட்டும் பரப்பும் அதேதான். எடை மட்டும் நான்கு மடங்கு. விடுவதற்கு முன் பிள்ளையை ஊகிக்கச் சொல்லுங்கள். வேகம் நான்கு மடங்கு என்று பெரும்பாலும் பதில் வரும்.

எங்கள் படங்களின் எண்ணிக்கை: 50, 24, 20, 19, 18, 18, கடைசியில் 17. ஒற்றைக் கிண்ணம் நிலைத்த 34இன் சரிபாதி. வேகம் இரண்டு மடங்குதான். காரணம் இரண்டாம் படியிலேயே இருக்கிறது. நான்கு மடங்கு எடையைத் தாங்க மேல் அம்பு நான்கு மடங்கு நீள வேண்டும். வேகம் இரட்டித்தாலே அது நான்கு மடங்காகிவிடும். ஒன்பது கிண்ணம் செருகினால் மூன்று மடங்கு என்று கணக்கு சொல்லும், ஆனால் அந்த வேகத்தை எட்ட 2 மீட்டர் உயரம் போதாது. நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. ஒற்றைக் கிண்ணத்தை ஒரு மீட்டரிலிருந்தும் நான்கு கிண்ண அடுக்கை இரண்டு மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஏறத்தாழ ஒன்றாகத் தரை தொடும். கூர்ந்து கேட்டால் அடுக்கின் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும். பிழை என்று நினைக்காதீர்கள். கனமானது உச்ச வேகத்தை எட்டக் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்கிறது, முதல் வரிசை இரண்டாவது எண்ணிலேயே அடங்கியதையும் இரண்டாவது வரிசை கடைசிவரை இறங்கியதையும் மறுபடி பாருங்கள்.

கிண்ணத்தின் நிறை வேண்டுமா? சமையலறைத் தராசு ஒரு கிண்ணத்தைக் கண்டுகொள்ளாது. 50 கிண்ணங்களை ஒன்றாக வைத்து வகுங்கள். எங்களுடையது 50க்கு 20 கிராம், ஒன்றுக்கு 0.4 கிராம். ஆகவே எடை 0.004 நியூட்டன். உச்ச வேகத்தில் காற்றுத் தடையும் சரியாக அதே 0.004 நியூட்டன். காற்று கொடுக்கும் விசையைத் தனிக் கருவி எதுவும் இல்லாமல் வரவேற்பறையிலேயே அளந்துவிட்டீர்கள்.

ஏழாம் படி: வெளியே பார்வையைத் திருப்புங்கள்

இனி விசிறியைப் போட்டுக்கொள்ளலாம்.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், தூற்றுவதைப் பார்த்த பிள்ளை இங்கே யார்? களத்தில் நெல்லைக் கூடையில் அள்ளி உயர்த்திக் கொட்டினால் மணி நேராகக் காலடியில் குவியும், பதர் தள்ளிப்போய் விழும். இரண்டுக்கும் உருவம் ஏறத்தாழ ஒன்றுதான். பதருக்கு உள்ளே சரக்கு இல்லை. கீழ் அம்பு குட்டை. சிறு வேகத்திலேயே மேல் அம்பு அதைப் பிடித்துவிடுகிறது. மெதுவாக இறங்குவதைக் காற்று தள்ளிக்கொண்டு போக நேரம் கிடைக்கிறது. ஒற்றைக் கிண்ணம் பதர், நான்கு கிண்ணம் நெல்மணி.

உருவம் சிறுத்தால் என்ன ஆகும்? ஒரு துளியின் குறுக்களவைப் பாதியாக்கினால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிறது, காற்றுக்குக் காட்டும் பரப்பு நான்கில் ஒரு பங்குதான் ஆகிறது. எடை முந்திக்கொண்டு குறைகிறது. சிறியவற்றின் மேல் காற்றின் கை எப்போதும் ஓங்கியிருப்பது இதனால்தான். எறும்பு மேசையிலிருந்து விழுந்தாலும் மாடியிலிருந்து விழுந்தாலும் எழுந்து நடந்துவிடும்.

ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் இருந்துகொண்டு மழைத்துளியை விட முடியுமா? இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து காற்றே இல்லாமல் விழுந்தால் துளியின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். குடை மட்டுமல்ல, குடை பிடித்தவரும் தாங்கமாட்டார். உண்மையில் 5 மில்லிமீட்டர் பெருந்துளி வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டரில் நிலைக்கிறது, அரை மில்லிமீட்டர் தூறல் துளி 2 மீட்டரில். பிற்பகல் இடிமழை தலையில் அடிப்பதும் காலைத் தூறல் முகத்தில் படிவதும் இந்த வித்தியாசம்தான்.

மனித உடம்புக்கு முற்றுத் திசைவேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர், வயிறு கீழே பார்க்கக் கைகால்களை விரித்து விழும்போது. செந்தோசாவில் 2011இல் திறந்த ஐஃபிளை கூடத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மனிதர் காற்றுக்குள் விழுவதற்குப் பதில், காற்று கீழிருந்து மேலே அந்த வேகத்தில் வீசுகிறது. அவர் ஒரே இடத்தில் மிதக்கிறார். கை கால்களை விரித்தால் பரப்பு கூடி மேலே எழுகிறார், சுருக்கினால் இறங்குகிறார். கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று பார்க்கும் பிள்ளைக்கு மேல் அம்பை நேரில் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. டிக்கெட் விலையை மட்டும் முன்பே பார்த்துவிட்டுப் போங்கள்.

தேசிய தின அணிவகுப்பில், வானிலை இடம் கொடுத்தால், ராணுவத்தின் பாராசூட் குழுவான ரெட் லயன்ஸ் வீரர்கள் குதிப்பதைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். கூடவே விழும் படக்கருவியில், பாராசூட் விரிந்ததும் வீரர் மேலே இழுக்கப்படுவது போலத் தெரியும். அவர் மேலே போகவில்லை. அவர் வேகம் சட்டென்று குறைந்தது, படம் எடுப்பவர் பழைய வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார். பஸ் பிரேக் பிடித்தால் பக்கத்தில் ஓடும் கார் முன்னே பாய்வதுபோல் தெரியுமே, அது மாதிரிதான்.

எட்டாம் படி: தேர்வுத்தாளில்

இதை நீட்ட விரும்பவில்லை. 70 கிலோ வீரர், ஒரு கிலோவுக்கு 10 நியூட்டன் என்ற பள்ளிக் கணக்கு. எடை 700 நியூட்டன். குதித்த கணத்தில் தடை 0, முடுக்கம் 10. தடை 280 ஆனபோது மிச்சம் 420. அதை 70ஆல் வகுத்தால் முடுக்கம் 6. தடை 700 ஆனதும் முடுக்கம் 0, வேகம் மாறாது. பாராசூட் விரிந்து தடை 2,100க்குத் தாவினால் மிச்சம் 1,400 மேல்நோக்கி. வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 20 மீட்டர் என்ற விகிதத்தில் குறையத் தொடங்கும். வேகம் குறையக் குறைய மேல் அம்பும் சுருங்கி மறுபடி 700க்கு வரும். இப்போது வேகம் வினாடிக்கு ஐந்தாறு மீட்டர். இரண்டு உச்ச வேகங்களிலும் தடை அதே 700தான் என்பதைப் பிள்ளை தானாகச் சொன்னால் பாடம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கி எழுதும் கேள்விகளில் வரிசை முக்கியம்: வேகம் கூடுகிறது, அதனால் தடை கூடுகிறது, அதனால் மிச்ச விசை குறைகிறது, அதனால் முடுக்கம் குறைகிறது, இறுதியில் தடை எடைக்குச் சமமாகி முடுக்கம் பூச்சியமாகிறது. ஒரு "அதனால்" விடுபட்டாலும் மதிப்பெண் கசியும். வேக வரைபடத்தில் கோடு விறுவிறுவென ஏறத் தொடங்கி மெல்லச் சாய்ந்து கிடையாகப் படுக்கும். கிடையாகப் படுத்த கோட்டைப் பார்த்து "பொருள் நின்றுவிட்டது" என்று எழுதாமல் இருக்க, செங்குத்து அச்சில் இருப்பது வேகமா தூரமா என்று முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: இறக்கை வைத்த விதை

இது தேர்வில் வராது, செய்து பாருங்கள். சிங்கப்பூர்ச் சாலைகளில் மகோகனி மரங்கள் நிறைய உண்டு. அவற்றின் விதை விரல் நீளத்துக்குப் பழுப்பு நிற ஒற்றை இறக்கையோடு இருக்கும். அங்சானா மரத்தின் காய் வேறு விதம், வட்டத் தட்டுபோல் சுற்றிலும் காகித இறக்கை. அந்த மரம் நம் வேங்கைக்கு நெருங்கிய உறவு, பூவும் அதே மஞ்சள். புக்கிட் தீமா காட்டில் இரட்டை இறக்கை வைத்த காய்களும் கிடக்கும். அங்கே எதையும் எடுக்கக்கூடாது, பார்த்துவிட்டு வாருங்கள். புளோக்குக்குப் பக்கத்தில் நடைபாதையில் உதிர்ந்த மகோகனி விதை போதும்.

இரண்டு விதைகளை எடுத்து ஒன்றின் இறக்கையை மட்டும் கத்தரித்துவிடுங்கள். ஒன்றாக விடுங்கள். கத்தரித்தது கல்லாக விழும். இறக்கை உள்ளது சுழன்றுகொண்டே இறங்கும். சுழலும் இறக்கை தன் பரப்பைவிடப் பெரிய வட்டத்தைக் காற்றுக்குக் காட்டுகிறது. எங்கள் முதல் முயற்சியில் இரண்டும் ஒரே மாதிரி விழுந்து ஏமாற்றின. சாப்பாட்டு மேசை உயரத்திலிருந்து விட்டிருந்தோம். சுழலத் தொடங்கவே விதைக்குச் சற்றுத் தூரம் வேண்டும். கையை முழுதாக உயர்த்தி, முக்காலியில் ஏறி நின்று விடுங்கள். ஏறுவதற்கு முன் விசிறி நின்றிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள், இம்முறை உங்கள் விரல்களுக்காக.